ஹிரோஷிமாவில் பிறந்த கார் நிறுவனம்: மாஸ்டா குறித்த கேள்வி பதில்

ஜப்பானின் மாஸ்டா நிறுவனத்தின் வரலாறு, அதற்குக் கிடைத்த நற்பெயர், அதன்மீது படிந்த குறை ஆகியவற்றைப் பற்றி உறுப்பினர்கள் பலர் கேட்ட கேள்விகளுக்கு, பாலிடெக்னிக் கல்லூரியில் பல ஆண்டுகள் வாகனப் பொறியியல் கற்பித்து ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் அளித்த பதில்கள் இவை.

கேள்வி (திருநெல்வேலி): ஐயா, மாஸ்டா முதலில் தக்கை செய்த நிறுவனம் என்று படித்தேன். உண்மையா?

உண்மைதான். 1920 ஜனவரியில் ஹிரோஷிமாவில் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் டோயோ கார்க் கோக்யோ. முதல் உலகப் போரின்போது ஐரோப்பாவிலிருந்து தக்கை வருவது தடைப்பட்டதால், உள்ளூரில் வளரும் ஒரு வகை மரத்தின் பட்டையிலிருந்து தக்கை தயாரிக்கும் தொழில் அங்கே உருவாகியிருந்தது. போர் முடிந்து வெளிநாட்டுத் தக்கை மறுபடியும் வரத் தொடங்கியதும் அந்தத் தொழில் தள்ளாடியது. 1921இல் நிறுவனத்தின் தலைமையை ஏற்றவர் ஜூஜிரோ மாட்சுடா. மீனவக் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே கொல்லுப்பட்டறையில் வேலை கற்று, தாமே வடிவமைத்த பம்பினால் பெயர் பெற்றவர் அவர். 1925இல் தொழிற்சாலை தீக்கிரையானபோது, தக்கையைவிடத் தமக்குக் கைவந்த இரும்பு வேலையே மேல் என்று அவர் முடிவு செய்தார். 1927இல் நிறுவனத்தின் பெயரிலிருந்து 'கார்க்' நீங்கி, அது டோயோ கோக்யோ ஆயிற்று. 1931இல் மூன்று சக்கரச் சரக்கு வண்டி வெளிவந்தது. மாஸ்டா என்ற பெயரைத் தாங்கிய முதல் வாகனம் அதுவே.

கேள்வி (அதே உறுப்பினர்): அந்தப் பெயர் பாரசீகக் கடவுளின் பெயர்தானே?

இரண்டும் சேர்ந்தது. ஜரதுஷ்டிர சமயத்தின் அறிவுக் கடவுளான அகுரா மாஸ்டாவின் பெயரும் நிறுவனத் தலைவரின் குடும்பப் பெயரும் ஒலியில் ஒத்திருந்தன. ஜப்பானிய எழுத்தில் இன்றும் அது 'மாட்சுடா' என்றே எழுதப்படுகிறது. நிறுவனத்தின் சட்டப்பூர்வமான பெயர் மாஸ்டா என மாறியது 1984இல்தான்.

கேள்வி (புதுச்சேரி): அணுகுண்டு விழுந்த நகரத்தில் இருந்த தொழிற்சாலை எப்படித் தப்பியது?

மலை காத்தது என்றுதான் சொல்ல வேண்டும். குண்டு வெடித்த இடத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தொலைவில், நகரின் கிழக்கே ஃபுச்சூ என்னும் ஊரில் தொழிற்சாலை இருந்தது. இடையே ஹிஜியாமா என்ற குன்று நின்றது. வெடிப்பின் வேகத்தை அந்தக் குன்று ஓரளவு தடுத்ததால் கட்டடங்கள் சேதமுற்றாலும் இடிந்து விழவில்லை. ஆனால் நகருக்குள் பணிக்குச் சென்றிருந்த தொழிலாளர்களும், அவர்களுடைய குடும்பத்தாரும் மாண்டனர். 1945 ஆகஸ்டு 6ஆம் நாள் ஜூஜிரோ மாட்சுடாவின் எழுபதாவது பிறந்தநாள் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனத்துவிடுகிறது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலை ராணுவத்துக்காகத் துப்பாக்கிகள் செய்துகொண்டிருந்தது. குண்டு விழுந்த பிறகு நிலைமை தலைகீழாயிற்று. நகரில் நிலைத்து நின்ற பெரிய கட்டடங்கள் மிகக் குறைவு என்பதால், மாவட்ட நிர்வாகமே டோயோ கோக்யோவின் தலைமையகத்துக்கு இடம்பெயர்ந்து, 1946 வரை அங்கிருந்தபடியே இயங்கியது. நிறுவனத்தின் மருத்துவமனையில் காயமடைந்தவர்களுக்குச் சிகிச்சை நடந்தது. இவ்வளவுக்கும் நடுவில், அதே 1945 டிசம்பரில், அதாவது நான்கே மாதங்களில், மூன்று சக்கர வண்டித் தயாரிப்பு மீண்டும் தொடங்கியது. சாம்பலாகிப்போன ஊரை எடுத்துக்கட்டச் செங்கல்லும் மரமும் சுமந்தவை அத்தகைய வண்டிகளே. ஹிரோஷிமா மக்களுக்கு மாஸ்டாவின்மேல் இருக்கும் பற்று எங்கிருந்து வருகிறது என்பதை இதை அறியாமல் விளங்கிக்கொள்ள முடியாது.

கேள்வி (சேலம்): உலகமே பிஸ்டன் எஞ்சினை வைத்துக் கார் செய்தபோது, இவர்கள் மட்டும் ஏன் சுழல் எஞ்சின் பின்னால் போனார்கள்?

விருப்பத்தைவிட அச்சமே முதற்காரணம். 1960களின் தொடக்கத்தில், வெளிநாட்டுப் போட்டியைச் சமாளிக்க வேண்டுமானால் நாட்டின் கார் நிறுவனங்களைச் சில குழுக்களாக இணைத்துவிட வேண்டும் என்று ஜப்பானிய வர்த்தக, தொழில்துறை அமைச்சகம் திட்டமிட்டது. 1960இல்தான் தனது முதல் காரான ஆர்360 கூப்பேயை வெளியிட்டிருந்த டோயோ கோக்யோ, பெரிய நிறுவனம் ஒன்றினுள் கரைந்துபோகும் நிலையில் இருந்தது. பிறரிடம் இல்லாத ஒன்று நம்மிடம் இருந்தால்தான் நாம் நாமாகவே இருக்க முடியும் என்று ஜூஜிரோவுக்குப் பின் தலைமை ஏற்ற அவருடைய மகன் சுனேஜி மாட்சுடா கருதினார். ஜெர்மனியின் என்எஸ்யூ நிறுவனத்தில் ஃபெலிக்ஸ் வாங்கல் என்பவரின் கருத்திலிருந்து உருவாகிக்கொண்டிருந்த சுழல் எஞ்சினுக்கான உரிமத்தை 1961இல் அவர் பெற்றார்.

உரிமத்தை வாங்கிவந்த பிறகுதான் அந்த எஞ்சின் எவ்வளவு அரைகுறையானது என்பது தெரிந்தது. சில மணி நேரம் ஓடியதுமே அதன் உட்சுவரில் அலை அலையாகக் கீறல்கள் விழுந்தன. பொறியாளர்கள் அவற்றைப் 'பேயின் நகக்கீறல்' என்று அழைத்தார்கள். 1963இல் கெனிச்சி யமமோட்டோவின் தலைமையில் ஆராய்ச்சிப் பிரிவு அமைக்கப்பட்டபோது அதில் 47 பொறியாளர்கள் இருந்தனர். தம் தலைவனுக்காக உயிர் கொடுத்த நாற்பத்தேழு சாமுராய்களின் கதை ஜப்பானில் குழந்தைக்கும் தெரியும் என்பதால், அந்த எண் அவர்களுக்கு ஒரு சபதம் போலவே ஆகிவிட்டது. 1967 மே மாதத்தில் காஸ்மோ ஸ்போர்ட் விற்பனைக்கு வந்தது. இரண்டு சுழலிகள் கொண்ட எஞ்சினுடன் வந்த அந்தக் கார் மொத்தம் 1,200கூடச் செய்யப்படவில்லை. ஆனால் மாஸ்டா என்ற பெயரை உலகம் கவனித்தது அதனால்தான்.

கேள்வி (ஈரோடு, மாணவர்): அந்தக் கீறல்கள் ஏன் விழுந்தன, எப்படிச் சரிசெய்தார்கள் என்று விளக்க முடியுமா ஐயா?

கேளுங்கள் தம்பி, இதைத்தான் நான் வகுப்பில் அட்டையை வெட்டிக் காட்டி விளக்குவேன். நடுவில் சற்றே ஒடுங்கிய நீள்வட்டம் போன்ற கூட்டுக்குள், பக்கங்கள் புடைத்த முக்கோண வடிவச் சுழலி ஒன்று சுற்றுகிறது. அதன் மூன்று முனைகளும் எப்போதும் சுவரை ஒட்டியே நகர்வதால், சுழலிக்கும் சுவருக்கும் இடையே மூன்று அறைகள் உண்டாகி, விரிந்தும் சுருங்கியும் காற்றையும் எரிபொருளையும் இழுத்து, அழுத்தி, எரித்து, வெளியேற்றுகின்றன. மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. ஆகவே அதிர்வு குறைவு, எடை குறைவு, இடமும் குறைவு. சுழலி ஒருமுறை சுற்றினால் வெளித்தண்டு மூன்று முறை சுற்றும்.

சிக்கல் முழுவதும் அந்த மூன்று முனைகளில்தான் இருக்கிறது. ஒவ்வொரு முனையிலும் வாயு கசியாமல் அடைக்கும் பட்டையான ஒரு சீல் பதிக்கப்பட்டிருக்கும். அது சுவரோடு இழுபட்டு ஓடும்போது, தன் இயல்பான அதிர்வெண்ணில் துடிக்கத் தொடங்கி, கரும்பலகையில் கிறீச்சிடும் சுண்ணக்கட்டியைப் போலத் தத்தித் தத்திச் சென்றதால்தான் கீறல்கள் விழுந்தன. குதிரைக் குளம்பெலும்பு வரை பற்பல பொருள்களைச் சோதித்துப் பார்த்ததாகச் சொல்வார்கள். சீலினுள் குறுக்காகத் துளையிட்டு அதன் அதிர்வெண்ணை மாற்றியபோது துடிப்பு அடங்கியது. பின்னர் அலுமினியம் ஊட்டப்பட்ட கார்பனால் சீல் செய்து உற்பத்திக்குக் கொண்டுவந்தார்கள்.

எரியும் அறை நீண்டு மெலிந்து, நகர்ந்துகொண்டே இருப்பதால் எரிபொருள் முழுமையாக எரிவதில்லை என்பதும், சீல் தேயாமலிருக்க எண்ணெயையும் சேர்த்தே எரிக்க வேண்டும் என்பதும் இந்த வடிவத்தின் உடன்பிறந்த குறைகள். அறுபது ஆண்டுகளாகியும் அவற்றை முற்றிலும் நீக்க யாராலும் முடியவில்லை.

கேள்வி (மதுரை): அப்படியானால் 1973இல் எண்ணெய் விலை ஏறியபோது என்ன ஆனது?

நிறுவனம் கவிழும் நிலைக்குப் போய்விட்டது. அதற்குச் சற்று முன்புவரை, அமெரிக்காவின் கடுமையான புகை விதிகளைச் சந்திக்கக்கூடிய எஞ்சின் என்று சுழல் எஞ்சினுக்குப் பெரும் மதிப்பு இருந்தது. காரணம், நைட்ரஜன் ஆக்சைடுகளை அது இயல்பாகவே குறைவாக வெளியிடும். எண்ணெய் நெருக்கடி வந்ததும், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளியிட்ட மைலேஜ் விவரங்களே அதன் தலையில் கல்லைப் போட்டன. விற்காத கார்கள் மலைபோல் குவிந்தன. சுமிட்டோமோ வங்கி நிறுவனத்துக்குள் தன் ஆட்களை அனுப்பிப் பொறுப்பேற்றது. ஆட்களை வேலையைவிட்டு நீக்குவதற்குப் பதிலாக, தொழிற்சாலைத் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் விற்பனை நிலையங்களுக்கு அனுப்பி, வீடு வீடாகக் கார் விற்கச் செய்தார்கள். தங்கள் ஊர்க் காரையே வாங்குவோம் என்று ஹிரோஷிமா மக்களும் இயக்கம் நடத்தினார்கள். 1980இல் வந்த முன்சக்கர இயக்கக் ஃபமிலியா, சாதாரண பிஸ்டன் எஞ்சினோடு ஜப்பானின் முதலாவது 'ஆண்டின் சிறந்த கார்' விருதைப் பெற்றது. நிறுவனத்தை மீட்டவை அத்தகைய எளிய கார்களே.

கேள்வி (கோயம்புத்தூர்): 1991இல் பிரான்ஸின் லெமான் 24 மணி நேரக் கார்ப் பந்தயத்தில் வென்றதால்தானே சுழல் எஞ்சினைத் தடை செய்தார்கள்?

இந்தக் கதை பரவலாக நம்பப்படுகிறது, ஆனால் சரியன்று. பந்தயக் கார்களுக்கு 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் மட்டுமே என்ற விதி அதற்கு முன்பே முடிவாகியிருந்தது. சுழல் எஞ்சினுக்கு 1991தான் கடைசி வாய்ப்பு என்பதை அறிந்தே மாஸ்டா களத்தில் இறங்கியது. அதனால்தான் அந்த வெற்றியை நான் இன்னும் பெரிதாகக் கருதுகிறேன்.

நான்கு சுழலிகள் கொண்ட 787பி காரை வோல்கர் வைட்லர், ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ரான் கஷோ ஆகிய மூவரும் மாறி மாறி ஓட்டினர். எடை விதியில் 830 கிலோ போதும் என்ற சலுகையை மாஸ்டா அணி முன்கூட்டியே கேட்டுப் பெற்றிருந்தது. போட்டியாளரான ஜாகுவாரின் கார் 1,000 கிலோ எடையோடு ஓட வேண்டியிருந்தது. முன்னணியில் இருந்த மெர்சிடிஸ் கார் இறுதிக் கட்டத்தில் பழுதாகி நின்றபோது, 55ஆம் எண் கார் முதலிடத்துக்கு வந்து, 362 சுற்றுகளை முடித்து வென்றது. கடைசியாக ஓட்டிய ஹெர்பர்ட், உடலில் நீர் வற்றிப்போய் வெற்றி மேடைக்கே வர முடியவில்லை. லெமானில் ஜப்பானிய நிறுவனம் ஒன்று வென்றது அதுவே முதல் முறை; அடுத்த ஜப்பானிய வெற்றியை டொயோட்டா பெற 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி (செங்கல்பட்டு): ஃபோர்டுக்கும் மாஸ்டாவுக்கும் என்ன உறவு? மறைமலைநகர்த் தொழிற்சாலைக்கு இதில் தொடர்பு உண்டா?

உண்டு. 1979இல் ஃபோர்டு மாஸ்டாவின் பங்குகளில் ஏறத்தாழ கால்பங்கை வாங்கியது. 1990களின் தொடக்கத்தில் உள்நாட்டில் ஐந்து தனித்தனி விற்பனைப் பெயர்களில் கடை விரித்துக் கையைச் சுட்டுக்கொண்ட மாஸ்டாவில், ஃபோர்டின் பங்கு 1996இல் 33.4 சதவீதமாயிற்று. அவ்வாண்டே ஹென்றி வாலஸ், ஜப்பானியக் கார் நிறுவனம் ஒன்றின் முதல் வெளிநாட்டுத் தலைவரானார். 2008 நெருக்கடியில் ஃபோர்டு பெரும்பகுதியை விற்று, 2015க்குள் முழுவதுமாக விலகியது. இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய சிறிய கார் அடித்தளத்தில் மாஸ்டா 2 வந்தது. அதே அடித்தளத்தில் பிறந்த ஃபியஸ்டாவும் பின்னர் ஈக்கோஸ்போர்ட்டும் மறைமலைநகரில் தயாராயின. ஆகவே மாஸ்டாவின் பயணிகள் கார்கள் இந்தியாவில் முறையாக விற்கப்படாவிட்டாலும், அதன் உழைப்பின் ஒரு பகுதி நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கிறது. 1980களில் ஜப்பானியக் கூட்டோடு வந்த சிறிய லாரிகளில் ஒன்றான ஸ்வராஜ் மாஸ்டாவையும் நம்மில் பலர் பள்ளி வேனாகவே அறிவோம்.

கேள்வி (டொராண்டோ): மாஸ்டா துருப்பிடிக்கும் என்கிறார்கள், நம்பி வாங்கலாம் என்றும் சொல்கிறார்கள். எதை நம்புவது?

இரண்டும் வெவ்வேறு காலத்துப் பேச்சு. பனிக்காலத்தில் சாலையில் உப்பு தூவும் நாடுகளில், 2000களில் விற்ற மாஸ்டா 3 போன்ற கார்களின் பின்சக்கர வளைவுகள் துருப்பிடித்தது பரவலாக அறியப்பட்ட குறை. பழைய காரை வாங்குவதானால் வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பார்த்தே ஆக வேண்டும். 2003இல் வந்த ஆர்எக்ஸ்-8 இன் சுழல் எஞ்சினில் அழுத்தம் குறைந்துபோகும் சிக்கல் இருந்ததால், அமெரிக்காவில் அந்த எஞ்சினுக்கான உத்தரவாதத்தை 8 ஆண்டு அல்லது 1 லட்சம் மைல் என்று நிறுவனமே நீட்டித்தது. 2012இல் சிஎக்ஸ்-5 உடன் முழுமையாக அறிமுகமான ஸ்கைஆக்டிவ் என்ற புதிய எஞ்சின், உடல் வடிவமைப்புத் தலைமுறைக்குப் பிறகுதான் நம்பகத்தன்மையில் மாஸ்டாவின் பெயர் உயர்ந்தது.

அந்தப் பெயரும் மாசற்றதன்று. 2024 ஜூனில் ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சகம் வெளிப்படுத்திய சான்றிதழ்ச் சோதனை முறைகேடுகளில் டொயோட்டா, ஹோண்டா முதலியவற்றோடு மாஸ்டாவும் இருந்தது. ரோட்ஸ்டர் ஆர்எஃப், மாஸ்டா 2 ஆகியவற்றின் சோதனையில் எஞ்சின் கட்டுப்பாட்டு மென்பொருளை மாற்றியமைத்தார்கள் என்பதை, அந்த நிறுவனத்தை மிகவும் மதிக்கும் நான் வருத்தத்தோடுதான் படித்தேன். குறுக்குவழி தேடாமல் உழைத்த 47 பேரின் நிறுவனம் அது.

கேள்வி (யாழ்ப்பாணம்): எம்எக்ஸ்-5 என்ற சிறிய காரை ஏன் இவ்வளவு புகழ்கிறார்கள்?

ஓட்டுபவருக்கும் வண்டிக்கும் இடையே எதுவும் குறுக்கே நிற்கக்கூடாது என்ற ஒரே நோக்கத்தோடு செய்த கார் அது. குதிரையும் வீரனும் ஓருடலாவதைக் குறிக்கும் 'ஜின்பா இட்டாய்' என்ற சொல்லை அவர்கள் அதற்கு இலக்கணமாகக் கொண்டார்கள். 1989இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி, 2016இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. இருவர் அமரும் திறந்த கார்களில் உலகிலேயே அதிகம் விற்றது அதுதான்.

கேள்வி (தஞ்சாவூர்): சுழல் எஞ்சின் கதை முடிந்துவிட்டதா ஐயா?

2012இல் ஆர்எக்ஸ்-8 உற்பத்தி நின்றபோது நானும் அப்படித்தான் எண்ணினேன். ஆனால் 2023இல் அது வேறொரு வேடத்தில் திரும்பியது. எம்எக்ஸ்-30 காரின் ஒரு வகையில், 830 சிசி கொள்ளளவுள்ள ஒற்றைச் சுழலி எஞ்சின், சக்கரத்தைத் தொடாமல் மின்கலத்துக்கு மின்சாரம் உற்பத்தி செய்ய மட்டும் பயன்படுகிறது. ஒரே சீரான வேகத்தில் இயங்கும் வேலைக்கு, சிறிய உடலும் குறைந்த அதிர்வும் கொண்ட இந்த எஞ்சின் பொருத்தமானது. எரிபொருள் குடிக்கும் பழைய குணம் இன்னும் முழுதாக மாறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2018இல் கலைக்கப்பட்டிருந்த சுழல் எஞ்சின் மேம்பாட்டுக் குழுவை 2024 பிப்ரவரியில் மாஸ்டா மீண்டும் அமைத்தது. இம்முறை தொடங்கியபோது அதில் 36 பொறியாளர்கள் இருந்தார்கள்.