எங்கள் கோழியையும் அழிப்பார்களா? கால்நடை கேள்வி–பதில்

ஆந்திரப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்துவிட்டால் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து கடிதங்கள் குவிகின்றன. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்ததால் ஒன்றாகச் சேர்த்துப் பதில் தருகிறேன். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன், பேர் வேண்டாம்.

காட்பாடி: சித்தூர் பக்கம் நோய் வந்தால், கிறிஸ்டியான்பேட்டை சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் இருக்கும் எங்கள் கோழிகளையும் அழிப்பார்களா?

மாநில எல்லையை வைத்து அழிப்பதில்லை. போபாலில் உள்ள தேசிய விலங்குநோய் ஆய்வகத்தில் நோய் உறுதியான இடத்தை மையமாக வைத்து 1 கி.மீ. தூரத்துக்கு ஒரு வட்டம். அதற்குள் பண்ணைக்கோழி, வீட்டுக்கோழி, வாத்து எதுவும் மிஞ்சாது. அதைத் தாண்டி 10 கி.மீ. வரை கண்காணிப்பு: மாதிரி எடுப்பார்கள், கோழி, முட்டை, தீவனம், எரு ஏற்றிச் செல்லத் தடை இருக்கும், கொல்ல மாட்டார்கள். 2006-இல் மகாராஷ்டிரத்தின் நவாப்பூரில் இந்தியாவில் முதன்முதலாக இந்த நோய் வந்தபோது அழிப்பு வட்டம் இதைவிடப் பெரியது. சித்தூரில் நோய் என்றால் உங்கள் கோழிக்கு ஆபத்து வட்டத்தால் அல்ல, அங்கிருந்து மலிவாக வரும் கோழி வண்டியால்.

குடியாத்தம்: இந்த நேரத்தில் கோழி, முட்டை சாப்பிடலாமா?

நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். 70 டிகிரிக்கு மேல் உள்வரை சூடானால் கிருமி சாகும். ஆஃப் பாயில் வேண்டாம். பச்சைக்கறியைக் குழந்தை கைக்கு எட்டவிடாதீர்கள். 2025 மார்ச்சில் ஆந்திராவின் பல்நாடு மாவட்டத்தில் இரண்டு வயதுப் பெண் குழந்தை இந்த நோயில் இறந்தது. பச்சைக்கறித் துண்டு ஒன்றைத் தின்றதாகச் செய்தி.

ஒடுகத்தூர்: கம்பெனிக்குக் கறிக்கோழி வளர்க்கிறேன், ஐயாயிரம் கோழி. மூன்று நாளாக நிறையச் சாகிறது. சூப்பர்வைசர், "யாரிடமும் சொல்லாதே, ராத்திரியே வண்டி வந்து தூக்கிவிடும்" என்கிறார். சொன்னால் நஷ்டம் எனக்குத்தானே?

முதலில் ஒன்று. "நிறைய" என்றால் எத்தனை? கோழிக்கு எத்தனை நாள் வயது? கொண்டை நீலம் பாய்ந்ததா, தலை வீங்கியதா, வெள்ளையாகக் கழிகிறதா? ஒன்றையும் எழுதாமல் முடிவை மட்டும் கேட்டால் யார் சொல்ல முடியும்? கோழிக்கழிச்சலாகவும் இருக்கலாம், கம்போரோ என்ற வைரஸ் நோயாகவும் இருக்கலாம், சித்திரை வெயிலில் கொட்டகைக் காற்றாடி நின்றுபோனாலும் ஒரே மதியத்தில் நூற்றுக்கணக்கில் சாகும். பரிசோதனை செய்தால்தான் தெரியும். அதற்குத்தான் தகவல் சொல்லச் சொல்வது.

இப்போது நஷ்டக் கணக்குக்கு வருவோம். இழப்பீடு என்பது அரசு அழிக்கும்போது உயிரோடு இருக்கும் கோழிக்கு. அதோடு அழிக்கப்படும் முட்டைக்கும் தீவனத்துக்கும். பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. நோயில் தானாகச் செத்த கோழிக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஐயாயிரத்தில் இருநூறு செத்தபோதே சொன்னால் ஏறக்குறைய முழுக் கொட்டகைக்கும் இழப்பீடு கிடைக்கும். மூவாயிரம் செத்த பிறகு சொன்னால் மிச்சத்துக்குத்தான். மறைக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பீடுதான் கரைகிறது. இதை எத்தனை வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்! முதலில் தகவல், பிறகுதான் மருந்து, வண்டி, வியாபாரம் எல்லாம்.

ராத்திரி வண்டியைப் பற்றியும் சொல்கிறேன். அந்த வண்டி உங்கள் கொட்டகைக்கு மட்டும் வருவதில்லை. அதே கூண்டு, அதே தராசு, அதே ஆட்கள், அதே செருப்பு அணைக்கட்டு வரை பத்துக் கொட்டகைக்குப் போகும். காலையில் அந்தக் கோழி கடையில் தொங்கும். கழுத்தறுக்கும் பையனுக்கு முகக்கவசம் உண்டா? அழிப்புப் பணிக்குப் போகும் அரசு ஆட்களுக்கு முழு உடுப்பும் தடுப்பு மாத்திரையும் கொடுத்து, பிறகும் கண்காணிக்கிறார்கள். அந்தப் பையனுக்கு ஒன்றுமே இல்லை. 2009-ஆம் ஆண்டு விலங்குத் தொற்றுநோய்ச் சட்டப்படி, சந்தேகம் வந்தாலே தகவல் சொல்வது உரிமையாளரின் கடமை. வளர்ப்பது நீங்கள் என்பதால் உங்களுக்கும் அது பொருந்தும். சூப்பர்வைசர் சொன்னார் என்பது பதிலாகாது.

ஆனால் உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். கோழி கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது. கொட்டகையும் கரண்டும் ராத்திரி விழிப்பும் உங்களுடையவை. உங்களுக்கு வருவது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற வளர்ப்புக் கூலி. கோழி அழிந்தால் இழப்பீடு கோழிக்குச் சொந்தக்காரருக்குப் போகிறது. வளர்த்தவருக்கு ஒரு பேட்ச் கூலியும் போய், அடுத்து மூன்று மாதம் கொட்டகை காலி. வங்கிக் கடன் மட்டும் நிற்காது. வளர்த்தவரே வாய்மூடி இருக்கும்படியான ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, "விவசாயிகள் மறைக்கிறார்கள்" என்று குற்றம் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன். இழப்பீட்டுப் பட்டியலில் வளர்ப்புக் கூலிக்கென்று ஒரு வரி வேண்டும். அது வரும்வரை, குஞ்சு இறக்கும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்: அழிப்பு வந்தால் இழப்பீட்டில் எனக்கு எவ்வளவு, கொட்டகை காலியாகக் கிடக்கும் மாதங்களுக்கு என்ன, கிருமிநீக்கச் செலவு யாருடையது என்று. குஞ்சு வந்த சீட்டு, தீவனச் சீட்டு, தினசரி இறப்பு அட்டை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். அட்டையில் எண்ணிக்கையைக் குறைத்து எழுதச் சொன்னால் எழுதாதீர்கள். இன்றே கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்கு அழைத்தாலும் போதும்.

பள்ளிகொண்டா: செத்த கோழிகளை மூட்டை கட்டிப் பாலாற்றில் போட்டுவிட்டோம். தண்ணீர்தான் இல்லையே, தப்பா?

தப்பு. தண்ணீர் மேலே இல்லை, மணலுக்கு அடியில் இருக்கிறது, உங்கள் ஊர்க் குடிநீரே அங்கிருந்துதான் வருகிறது. நாயும் காக்கையும் மூட்டையைப் பிரித்து ஊருக்குள் கொண்டுவரும். நோயில் செத்ததை ஆற்றிலோ ஏரியிலோ போடுவதற்கென்றே சட்டத்தில் தனித் தண்டனை இருக்கிறது. கிணற்றுக்கும் ஓடைக்கும் தள்ளி, ஆறேழு அடி ஆழக் குழி, சுண்ணாம்பு, மேலே மண். தண்ணீரில் போடாதீர்கள்.

ஆரணி: மேய்ச்சல் வாத்து வைத்திருக்கிறேன். நோயே இல்லாத வாத்தை ஏன் கொல்ல வேண்டும்?

வாத்து பல நேரம் நோயை வெளியே காட்டாமல் கிருமியை மட்டும் எச்சத்தில் கழித்துக்கொண்டே போகும். அறுத்த வயலுக்கு வயல், ஏரிக்கு ஏரி மேய்த்துக்கொண்டு போகிற கூட்டம் என்பதால் ஆபத்து கூடுதல். கேரளத்தில் ஆலப்புழைப் பக்கம் 2014 முதல் திரும்பத் திரும்ப நடப்பதைப் பாருங்கள். கார்த்திகை முதல் மாசி வரை, வலசைப் பறவை இறங்கும் ஏரிகளில் மேய்க்காதீர்கள். காவேரிப்பாக்கம் ஏரிக்கும் இதைத்தான் சொல்வேன். கூட்டத்தின் எண்ணிக்கையை அந்தந்த ஊர்க் கால்நடை மருந்தகத்தில் பதியச் செய்யுங்கள். ஊர் ஊராகப் போகிறவருக்கு இழப்பீடு வாங்க அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

ஆம்பூர்: சண்டைச்சேவல் ஒவ்வொன்றும் பல ஆயிரம் பெறும். அழிப்பு என்றால் மச்சான் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா?

கூடாது. உங்கள் சேவலோடு நோயும் மச்சான் வீட்டுக்குப் போகும், அங்கே ஒரு புதிய வட்டம் போடுவார்கள், அவர் தெருவில் எல்லார் கோழியும் சாகும். சேவலுக்குத் தனி விலை கிடையாது, மற்ற கோழிக்கு உள்ளதுதான். பிள்ளை மாதிரி வளர்த்ததைக் கொடுப்பது எவ்வளவு வலி என்று எனக்குத் தெரியும். அதற்காகச் சட்டம் மாறாது.

கே.வி.குப்பம்: பன்றிக்கு ஆப்பிரிக்கக் காய்ச்சல் தடுப்பூசி வந்துவிட்டதாமே, எங்கே கிடைக்கும்?

வியட்நாமில் 2023-இல் அனுமதித்தார்கள். இந்தியாவில் அனுமதி பெற்றது எதுவும் இல்லை. யாராவது ஊசி விற்றால் வாங்காதீர்கள். இந்த நோய் மனிதருக்கு வராது, ஆனால் பண்ணைக்குள் நுழைந்தால் பன்றி அநேகமாகத் தப்பாது. 1 கி.மீ. அழிப்பு இதற்கும் உண்டு. வேலூர் ஓட்டல்களிலிருந்து எடுத்துவரும் மிச்சச்சோற்றை அப்படியே கொட்டுவதுதான் பெரிய வாசல். அதில் ஒரு துண்டுப் பன்றிக்கறி இருந்தாலே போதும். அரைமணி நேரம் கொதிக்கவைத்துப் போடுங்கள். முதுமலையில் 2023 தொடக்கத்தில் காட்டுப்பன்றிகளே இந்த நோயில் செத்தன. காட்டோரம் பண்ணை என்றால் வேலி அவசியம். செத்த பன்றியை ஓடையில் போடாதீர்கள்.

அணைக்கட்டு: வெளிநாட்டில் கோமாரிக்கு மாட்டைக் கொல்கிறார்களே, இங்கேயும் வருமா?

வராது. பிரிட்டனில் 2001-இல் 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளை அழித்தார்கள். நாம் தடுப்பூசி வழியில் போகிறோம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இலவசம். மாடு விடும் விழாவுக்கு முந்தின நாள் ஊசி போடச் சொல்லி வந்து நிற்பவர்களுக்குச் சொல்கிறேன்: எதிர்ப்புச் சக்தி வர மூன்று வாரம் ஆகும். பொய்கைச் சந்தையில் வாங்கிய மாட்டையும் அதே மூன்று வாரம் தனியாகக் கட்டுங்கள்.

பேரணாம்பட்டு: இரண்டு ஆடு திடீரென்று செத்தது, மூக்கில் ரத்தம். தோலை உரித்துக் கறியைப் பங்கு போட்டோம். மீதி ஆடுகளை அரசு அழிக்குமா?

அழிப்பதைப் பற்றியா கேட்கிறீர்கள்? இவர் கடிதம் கிடைத்த அன்றே இவருக்குத் தகவல் அனுப்பிவிட்டேன், மற்றவர்களுக்காக இங்கே. மூக்கு, வாய், ஆசனவாயில் உறையாத ரத்தத்தோடு திடீர்ச் சாவு என்றால் முதல் சந்தேகம் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்). அறுக்கக் கூடாது, உரிக்கக் கூடாது, டாக்டரே பிரேதப் பரிசோதனை செய்யமாட்டார். உடலைத் திறந்தால் கிருமி விதையாக மாறி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். உரித்தவர், நறுக்கியவர், தின்றவர் எல்லாரும் மருத்துவமனைக்குப் போய், "அடைப்பான் சந்தேகம்" என்ற சொல்லையே சொல்ல வேண்டும். கையில் கருத்த புண் வந்தால் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். நல்ல மருந்து இருக்கிறது. மீதி ஆடுகளை அழிக்கமாட்டார்கள், தடுப்பூசி போடுவார்கள். 1932 முதல் இயங்கும் ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையத்திலேயே அது தயாராகிறது. பக்கத்தில் வைத்துக்கொண்டு போடாமல் விடுகிறோம்.

வாலாஜா: அழிப்பு முடிந்தபின் எப்போது குஞ்சு விடலாம்?

கிருமிநீக்கச் சான்று கொடுத்த பிறகு ஏறக்குறைய மூன்று மாதம். எழுத்தில் அனுமதி வரும்வரை ஒரு குஞ்சும் வேண்டாம்.

லத்தேரி: கோழிக்குப் பறவைக் காய்ச்சல் என்றால் அதே வீட்டு ஆடு, மாட்டையும் அழிப்பார்களா?

மாட்டார்கள். அமெரிக்காவில் 2024-இல் கறவை மாடுகளுக்கே இந்தக் கிருமி தொற்றியது, அங்கேயும் மந்தையை அழிக்கவில்லை. கோழி இருந்த இடத்தில் ஆட்டைக் கட்டாதீர்கள், பாலைக் காய்ச்சிக் குடியுங்கள்.