'டென்ஷன்' என்பதைத் தாண்டி நோட்டில் என்ன எழுதுவது?

கேள்வி: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கொலுசுப் பட்டறையில் கணக்கு எழுதுகிறேன். வயது 41. அடிக்கடி படபடப்பு. ஈசிஜி, தைராய்டு எல்லாம் சரியாக இருக்கிறது, மனஅழுத்தம்தான் என்றார் டாக்டர். உடம்பில் உணர்வதைத் தினமும் எழுதச் சொன்னார். மூன்று வாரமாகியும் 'டென்ஷன்', 'அசதி' தவிர வேறெதுவும் எழுத வரவில்லை. சின்னத் துடிப்பு வந்தாலும் ஏதோ நோய் என்று பயம் வேறு. நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம், எழுதும் விதத்தை மாற்றிப் பாருங்கள். பட்டறைக் கணக்கில் 'வெள்ளி வந்தது' என்று மட்டும் எழுதி மூடிவிடுவீர்களா? எத்தனை கிராம், எத்தனை மணிக்கு, யார் கொண்டுவந்தது என்று எழுதுவீர்கள் அல்லவா? உடம்புக்கும் அதே கணக்குதான். எந்த இடம், எப்படி இருந்தது, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன நடந்தது. 'டென்ஷன்' என்பது இதையெல்லாம் கூட்டிப் போட்ட மொத்தம். நோட்டில் வேண்டியது ஒவ்வொன்றும் தனித்தனி வரியாக.

வார்த்தைக்கு எங்கும் அலைய வேண்டாம். விண்விண்ணென்று தெறிக்கிறது, சுருக்கென்று குத்துகிறது, மரத்துப்போகிறது, அடிவயிற்றைப் பிசைகிறது, தொண்டையில் ஏதோ அடைக்கிற மாதிரி இருக்கிறது. நம் பாட்டிகள் வைத்தியரிடம் இப்படித்தான் சொன்னார்கள். இப்போது எல்லாவற்றுக்கும் ஒரே 'டென்ஷன்'!

பயம் கூடியதற்கும் காரணம் உண்டு. கவனத்தை ஒரே இடத்தில் குவித்தால் அங்குள்ள உணர்வு பெரிதாகத் தெரியும். நீங்கள் எடுத்த எடுப்பில் நெஞ்சைக் கவனிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பாதத்திலிருந்து தொடங்குங்கள். தரை சில்லென்று இருக்கிறதா, செருப்பு வார் அழுத்துகிறதா? மனஅழுத்தத்தைக் குறைக்க 1979-இல் ஜான் கபட்-ஜின் என்பவர் அமெரிக்காவில் தொடங்கிய, உடம்பை ஒவ்வொரு இடமாகக் கவனிக்கும் பயிற்சியிலும் கால் விரலில்தான் ஆரம்பம். சுகமாக இருக்கும் இடத்தையும் ஒரு வரி எழுதுங்கள். ஐந்து நிமிடம் போதும், அப்புறம் நோட்டை மூடிவிடுங்கள்.

ஏற்காடு போயிருப்பீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது காது அடைக்கும். எச்சில் விழுங்கினால் 'டப்' என்று திறக்கும். வெளியே காற்றழுத்தம் குறைவதால் வருவது என்று தெரிந்ததால் யாரும் பயப்படுவதில்லை. 'வலது காது, பஞ்சு வைத்த மாதிரி, இரண்டு நிமிடம், விழுங்கியதும் போனது'. படபடப்பையும் இப்படியே எழுதுங்கள், நோயின் பெயர் வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்துப் புரட்டினால் சில விஷயங்கள் தட்டுப்படும். காபி அதில் ஒன்றாக இருக்கலாம். மாலை 5 மணிக்குக் குடித்த காபியின் கஃபீனில் ஏறக்குறைய பாதி, இரவு 10 மணிக்கும் பலருக்கு உடம்பில் இருக்கும். நோட்டை அடுத்த முறை டாக்டரிடம் கொண்டுபோங்கள்.

நெஞ்சு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினாலும், வியர்த்துக் கொட்டி மூச்சு வாங்கினாலும் மட்டும் நோட்டைத் தேடாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.