யாருக்குக் கொடுத்த படம்?

அன்புள்ள ஐயா,

ராணுவத் தளபதிகள் கையெழுத்துப் போட்ட புகைப்படங்களைச் சில வருடங்களாகச் சேர்த்து வருகிறேன். அண்மையில் பிரிட்டிஷ் ஃபீல்டு மார்ஷல் மாண்ட்கமரியின் படம் ஒன்று கிடைத்தது. இரண்டு பேட்ஜ் குத்திய தொப்பியுடன் நிற்கிறார். கீழே ‘மாண்ட்கமரி ஆஃப் அலமைன்’ என்று மையில் கையெழுத்து. 1944இல் போட்டது என்றார் விற்றவர். அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போர் செய்தவர்களின் படத்தை வீட்டில் மாட்டலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு என்ன சொல்வது? இன்னொன்று, கையெழுத்துக்கு மேலே யாரோ ஒருவரின் பெயரை எழுதி ‘அன்புடன்’ என்று போட்டிருக்கிறார். பெயர் புரியவில்லை. அந்த வரியை வெட்டிவிட்டு ஃபிரேம் போட்டால் மதிப்பு கூடும் என்கிறார்கள். செய்யலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செய்யாதீர்கள். கத்தரிக்கோலை முதலில் கீழே வையுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

அலமைன் என்பது எகிப்தில் அவர் ஜெர்மானியரை வென்ற போர்க்களம். அந்தப் பெயரில் அவருக்குப் பட்டம் கிடைத்தது 1946 ஜனவரியில். அதுவரை அவர் கையெழுத்து பி. எல். மாண்ட்கமரிதான். எனவே 1944 என்பது விற்றவர் விட்ட கதை. அதனாலேயே கையெழுத்து போலி என்றாகிவிடாது. போர்க்காலத்துப் படத்தைப் பின்னாளில் யாரோ அவரிடம் நீட்டியிருக்கலாம். இருட்டில் வைத்துப் புற ஊதா விளக்கை அடித்துப் பாருங்கள். தாள் நீலமாகப் பளீரென்று ஒளிர்ந்தால் அதில் வெளுப்பூட்டும் ரசாயனம் இருக்கிறது, புகைப்படத்தாளில் அது பரவலானது 1950களில். ஆனால் இவர் 1976 வரை இருந்த மனிதர், ஒளிர்ந்தாலும் படம் பிற்காலத்து அச்சு என்று மட்டும்தான் சொல்லலாம். இதுவே 1944 அக்டோபரில் இறந்துபோன ஜெர்மன் தளபதி ரோம்மெலின் படம் என்றால் கதை அதோடு முடிந்தது. 1983இல் ஜெர்மனியின் ஸ்டெர்ன் பத்திரிகை ஹிட்லரின் நாட்குறிப்பு என்று வெளியிட்டதே, அதைக் காட்டிக்கொடுத்தவற்றில் இந்த வெளுப்பும் ஒன்று. அதை எழுதிய கோன்ராட் குயாவ், நாஜிக்காலப் பொருட்களில் போலி செய்து பழகிய கை.

நண்பர்களின் கேள்வியை விடுங்கள். மாட்டினாலே கும்பிடுவதாக நினைப்பவர்களிடம் வாதாடி ஆகப்போவது ஒன்றுமில்லை.

அந்தப் பெயருக்கு வருகிறேன். சேகரிப்பவர்களில் பாதிப்பேர் வெறும் கையெழுத்தைத்தான் விரும்புகிறார்கள். ‘இன்னாருக்கு’ என்று இருந்தால் முகம் சுளிக்கிறார்கள், ஏதோ அடுத்தவர் உடுத்திக் கழற்றிய சட்டை மாதிரி. போலி செய்பவனுக்கும் வெறும் கையெழுத்துதான் பிடிக்கும். ஒரே வளைவை ஆயிரம் தடவை போட்டுப் பழகிவிடலாம். முழுதாக ஒரு வரி எழுதச் சொன்னால் ஏதாவது ஓர் எழுத்தில் மாட்டிக்கொள்வான். உங்கள் படத்துக்கு இருக்கிற நல்ல சாட்சியே அந்த வரிதான். அதைப் போய் வெட்டுகிறேன் என்கிறீர்கள்!

1945 செப்டம்பர் 2, மிசௌரி என்ற அமெரிக்கப் போர்க்கப்பல். ஜப்பானின் சரணாகதிப் பத்திரத்தில் நேசநாட்டுத் தளபதி மக்ஆர்தர் பல பேனாக்களை மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்டார். முதல் இரண்டை, பின்னால் நின்ற அமெரிக்கத் தளபதி வெயின்ரைட்டுக்கும் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவலுக்கும் கொடுத்தார். முந்தின மாதம்வரை ஜப்பானியரின் சிறைமுகாமில் கிடந்து எலும்பும் தோலுமாக வந்திருந்தவர்கள் இருவரும். வெயின்ரைட் பெயரை எடுத்துவிட்டு அந்தப் பேனாவைப் பாருங்கள். பேனா இருக்கும், அவ்வளவுதான்.

இத்தனை கோபம் எதற்கு என்று கேட்பீர்கள். பத்தொன்பது வயதில் நானே அதைச் செய்திருக்கிறேன். முதல் உலகப்போரில் சண்டையிட்ட ஒரு தளபதியின் படம், கெட்டி அட்டையில் ஒட்டியது. அட்டையின் அடியில் பழுப்பேறிய மையில் இரண்டு வரி. தன் காயத்துக்கு நான்கு மாதம் கட்டு மாற்றிய நர்ஸுக்கு அவர் எழுதிக் கொடுத்தது. என் ஆல்பத்தின் உறையைவிட அட்டை ஒரு விரற்கடை நீளம். இரும்பு ஸ்கேலை வைத்து பிளேடால் ஒரே இழுப்பு. கையெழுத்தின் கடைசிச் சுழியும் அதோடு போயிற்று, அதைக்கூட அன்று நான் கவனிக்கவில்லை. துண்டைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன்.

பல வருடம் கழித்து, விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் அந்தப் படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். அசலா போலியா என்று கேட்கவில்லை. வெட்டிய விளிம்பைக் கட்டைவிரலால் தடவி, “யாருக்குக் கொடுத்தார்?” என்றார். ஒரு நர்ஸுக்கு என்றேன். “பேர்?” என்றார். எனக்கு நினைவில்லை. ‘எம்’மில் தொடங்கும் என்று ஒரு சந்தேகம், அதுவும் நானாகக் கற்பித்துக்கொண்டதோ என்னவோ.

படத்தை மேசையில் வைத்து, ஒரு டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடியுங்கள். நிப்பு அழுந்திய இடமெல்லாம் மேடுபள்ளமாகத் தெரியும். அந்த வரியை மட்டும் நெருக்கமாகப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தால் பெயரைப் படித்துவிடலாம்.