சின்ன எஸ்எஸ்டியில் இமேஜ் ஏறாதது பற்றி

பயப்படாதீங்க, நீங்க எடுத்துவெச்ச இமேஜ் (விண்டோஸோடு சேர்த்து டிஸ்க் முழுவதுக்குமான பேக்கப் நகல்) கெட்டுப்போகலை. 1 டெராபைட் டிஸ்கில் 140 ஜிபிதான் நிரம்பியிருந்தது, 500 ஜிபி எஸ்எஸ்டியில் ஏன் ஏறலைன்னு கேட்டிருந்தீங்க. விண்டோஸோடு வரும் சிஸ்டம் இமேஜ் கருவி நிரம்பிய அளவைப் பார்க்காது. பழைய டிஸ்கின் மொத்தக் கொள்ளளவைத்தான் பார்க்கும். புதுசு அதைவிடச் சின்னதுன்னா மறுத்துவிடும். அசட்டுத்தனமான விதிதான்.

பழைய டிஸ்க் இன்னும் ஓடுதா? அப்படின்னா மேக்ரியம் ரிஃப்ளெக்ட் மாதிரி, மீட்கும்போதே பார்ட்டிஷனை (டிஸ்கில் பிரித்த பகுதியை) சுருக்கும் கருவியில் புது இமேஜ் எடுங்க. அதன் மீட்பு பென்டிரைவையும் உடனே தயாரித்து, அதிலிருந்து கம்ப்யூட்டர் பூட் ஆகுதான்னு (துவங்குதான்னு) ஒருமுறை பாருங்க. பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

டிஸ்க் போயிருந்தால், பேக்கப் ஃபோல்டருக்குள் டிஸ்கின் நகல் அடங்கிய பெரிய விஎச்டிஎக்ஸ் (.vhdx) கோப்பு இருக்கும். விண்டோஸில் உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் அதை 'ரீட் ஒன்லி'யாக (படிக்க மட்டும்) அட்டாச் செய்தால் உங்க கோப்புகளை எடுத்துக்கலாம். விண்டோஸையும் மென்பொருள்களையும் மட்டும் புதுசாப் போடணும்.