வாசகர் கேள்விகள்: பவளம் நிஜமாகவே அசைகிறதா?

சென்ற இதழில், சிங்கப்பூர் தோ பாயோ வீட்டில் நான் வைத்திருக்கும் கடல்நீர்த் தொட்டியையும் அதில் எடுக்கும் டைம்லாப்ஸ் படங்களையும் (இடைவெளி விட்டு விட்டு எடுத்து, வேகமாக ஓட்டிக் காட்டுபவை) பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி, வீடியோவை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்பவை. மீதியிலிருந்து நான்கு.

"ஐயா, கல் மாதிரி கிடந்த ஒன்று ஊதிப் பெருத்து, தன்மேல் கிடந்த மணலை உதறுகிறது. என் பேரன் 'பாட்டி, இது கிராபிக்ஸ்' என்கிறான். அது அப்படி அசையுமா? அந்த நிறங்கள் உண்மையா?" (வாசகி, கும்பகோணம்)

அசைவு உண்மை, வேகம் நான் கொடுத்தது, நிறம் பாதி உண்மை. பேரனிடம் இப்படியே சொல்லுங்கள் அம்மா.

அது தட்டுப் பவளம். பாறையில் ஒட்டாமல் மணல்மேல் தனியாகக் கிடக்கும் ஜாதி. உள்ளங்கை அகலம், நடுவில் ஒரே வாய், கீழே தகடு தகடாகச் சுண்ணாம்பு எலும்பு, அதன்மேல் ஈரத்துணி போர்த்தியதுபோல் சதை. ஒருநாள் பம்ப்பின் வாயைத் தெரியாமல் திருப்பிவிட்டேன். மணல் அடித்து அதில் பாதியை மூடிவிட்டது. கையை விட்டுத் தட்டிவிட்டிருக்கலாம். நான் காமிராவை எடுத்துவந்து வைத்தேன். (வீட்டில் இதற்கு இன்னும் திட்டு விழுகிறது.)

காலை 9 முதல் மாலை 6 வரை, 20 வினாடிக்கு ஒரு காட்சி வீதம் 1,620 காட்சிகள். வினாடிக்கு 24 என்று ஓட்டினால் ஒரு நிமிடமும் ஏழரை வினாடியும். உடலுக்குள் தண்ணீரை இழுத்து ஊதுகிறது, கொஞ்சம் தளர்கிறது, மறுபடி ஊதுகிறது. ஒவ்வொரு ஊதலுக்கும் மணல் ஓரத்துக்குச் சரிகிறது. பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த எனக்கு இதில் எதுவும் தெரியவில்லை. சாப்பிட்டுவிட்டு வந்தபோது மணல் குறைந்ததோ என்று ஒரு சந்தேகம், அவ்வளவுதான்.

மூலையில் ஓடும் கடிகாரத்தைப் பேரனுக்குக் காட்டுங்கள். 480 மடங்கு வேகம். இந்த மாதிரிப் படம் எடுப்பவர்கள் பலர் அதைப் போடுவதில்லை, படத்தின் அழகு கெடுமாம். நேரத்தை மறைத்துக் காட்டினால் பையன் சந்தேகப்படுவதுதான் நியாயம்.

நிறம் வேறு கதை. வெள்ளை விளக்கில் இது பெரும்பாலும் காபிப்பொடி நிறம்தான். சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம் அது. நீல விளக்கைப் போட்டால், பவளத்தின் உடலிலுள்ள சில புரதங்கள் நீலத்தை வாங்கிக்கொண்டு பச்சையாகவும் ஆரஞ்சாகவும் திருப்பித் தரும். லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் வடிகட்டி வைத்து மிச்ச நீலத்தையும் தடுத்தால், நீங்கள் பார்த்த அந்தப் பச்சை. இயற்கைதான், ஆனால் நடுப்பகலில் கடலில் மூழ்கிப் பார்ப்பவருக்கு அப்படித் தெரியாது. கடை விளக்கில் பார்த்த பட்டுப்புடவை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"செவ்வாய்க்காகப் பவள மோதிரம் போட்டிருக்கிறேன். அதுவும் இதுவும் ஒன்றா?" (வாசகர், சேலம்)

ஒன்றுவிட்ட சொந்தம். மோதிரத்துக்குப் பேர்போன சிவப்புப் பவளம் மத்தியதரைக் கடலில் வளர்வது. அதன் ஒவ்வொரு பாலிப்புக்கும் (பவளத்தின் தனித்தனிக் குட்டி உடல்) வாயைச் சுற்றி எட்டு விரல். என் தொட்டியில் இருக்கும் கல்பவளங்களுக்கு ஆறு, அல்லது ஆறின் மடங்கு. அந்தச் சிவப்புப் பவளத்தில் தெரிவது பூ அல்ல, பிராணி என்று மார்செய் ஊர் மருத்துவர் பேசோனெல் 1720-களிலேயே சொன்னார். பாரிஸ் அறிஞர்கள் ஒப்பவில்லை. பாவம், அவரிடம் காமிரா இல்லை.

"நான் கல்லூரி மாணவன். என்னிடம் ஒரு பழைய காமிராவும் மேக்ரோ லென்ஸும் உண்டு. வீட்டில் பவளம் வைத்து இப்படி எடுக்க எத்தனை படம் தேவை, எவ்வளவு செலவாகும்?" (வாசகர், தூத்துக்குடி)

தம்பி, முதலில் வேண்டாத செய்தி. இந்தியாவில் கல்பவளங்கள் எல்லாம் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, புலிக்குக் கொடுத்த அதே இடம். கடலிலிருந்து எடுப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். உங்கள் ஊரில் ஒருகாலத்தில் பவளக்கல்லை வெட்டிச் சுண்ணாம்புக் காளவாயில் போட்டார்கள். வேண்டுமானால் பெரியவர்களிடம் கேட்டுப்பாருங்கள். நான் இங்கே அனுமதிச் சீட்டுடன் இறக்குமதியானதைக் கடையில் வாங்குகிறேன்.

படக்கணக்கு இது. மேக்ரோ லென்ஸால் மிக அருகில் போய், பொருளை அதன் நிஜ அளவிலேயே பதிவுசெய்யும்போது, தெளிவாக விழும் ஆழம் ஒரு கடுகின் தடிமன்தான். அதனால் லென்ஸை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி 12 படம் எடுத்து, தெளிந்த பகுதிகளைக் கணினியில் ஒன்றாக அடுக்கினால்தான் ஒரு காட்சி. மேலே சொன்ன 1,620 காட்சிக்கு 19,440 படம். இது சின்ன வேலை. 2014-ல் டேனியல் ஸ்டூபின், ஆஸ்திரேலியாவில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோது, நான்கு நிமிடம்கூட ஓடாத ஒரு பவளப் படத்துக்கு 1,50,000 படம் எடுத்தார். பழைய காமிராவின் ஷட்டர் இதில் செத்துவிடும். மின்னணு ஷட்டர் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

மற்ற தொல்லைகளை எந்தக் கையேடும் சொல்வதில்லை. மேல்வீட்டுப் பிள்ளை குதித்தால் படம் குதிக்கும். வாஷிங் மெஷின் சுழலும் நேரம் எங்கள் வீட்டில் படப்பிடிப்பு கிடையாது. ஒருமுறை ஆறு மணி நேரம் எடுத்து முடித்து ஓட்டிப் பார்த்தால், பாசி மேயும் நத்தை ஒன்று கண்ணாடிமேல் ஏறி, லென்ஸுக்கு நேராக நின்று, சாவகாசமாக இறங்கிப் போயிருக்கிறது. நடுவே டவுன் பஸ் நின்ற கல்யாண வீடியோ மாதிரி இருந்தது.

உங்களுக்கு ஒரு யோசனை. ஹைட்ரா. பவளத்தின் நன்னீர் உறவு, சட்டத் தொல்லை கிடையாது. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரையை வேரோடு எடுத்துக் கண்ணாடித் தம்ளர் நீரில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். அதிர்ஷ்டம் இருந்தால் காலையில் வேரிலோ கண்ணாடியிலோ அரை சென்டிமீட்டர் நூல்கள் விரல் விரித்து நிற்கும். நன்றாகத் தின்னக் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் விலாவில் குட்டி முளைத்துப் பிரியும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு படம் போதும். செலவு, ஒரு தம்ளர். எடுத்தால் எனக்கும் அனுப்புங்கள்.

"கடல் சூடானால் பவளம் வெளுக்கிறது என்கிறார்கள். வெளுப்பதைப் படமெடுத்திருக்கிறீர்களா?" (வாசகி, மதுரை)

ஆய்வுக்கூடத்தில் எடுத்திருக்கிறார்கள். பிரிஸ்பேனில் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பிரெட் லூயிஸ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளரும் 2016-ல் வெளியிட்டார்கள். தட்டுப் பவளத்தில் ஒரு வகையைத் தொட்டியில் வைத்து, 12 மணி நேரத்தில் நீரை 26 டிகிரியிலிருந்து 32-க்கு ஏற்றினார்கள். அது ஊதுகிறது, சில சமயம் இயல்பைப்போல் மூன்று மடங்குக்கும் மேலே. பிறகு சட்டென்று சுருங்கி, பச்சைப் புகைபோல் நுண்பாசியைக் கக்குகிறது. தனக்குச் சோறு போடும் குடித்தனக்காரர்களை. கும்பகோணத்து அம்மா பார்த்தாரே, மணலை உதறும் அந்த ஊதலும் தளர்தலும்தான் இங்கேயும்.

நானும் எடுத்தேன், வேண்டுமென்று அல்ல. ஜோகூரில் ஒரு கல்யாணம், மூன்று நாள். போகும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்று காமிராவை அதே தட்டுப் பவளத்தின்முன் வைத்துவிட்டுப் போனேன். முதல் இரவே தொட்டியின் குளிரூட்டி நின்றிருக்கிறது. பூட்டிய வீடு. திரும்பி வந்து வெப்பமானியைப் பார்த்தால் 32. பவளம் வெளுத்துக் கிடந்தது. தண்ணீரை மாற்றினேன், கையால் ஊட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் நாள் சதை எலும்பை விட்டுக் கழன்றது.

அந்த 864 படங்களும் வன்தட்டில் இருக்கின்றன. இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை.