கூண்டுக் குரங்குகளும் கார்டிசாலும்: கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் சிங்கவால் குரங்குக்கு ரத்தத்தில் கார்டிசால் (மன அழுத்தத்தில் கூடும் ஹார்மோன்) மிக அதிகம். நாள்பட்ட மன அழுத்தம்தானா?

பதில்: அந்த ஒரு அளவை வைத்துச் சொல்ல முடியாது. பிடித்த 3 நிமிடங்களிலேயே கார்டிசால் ஏறத் தொடங்கிவிடும். வலை வீசி, மயக்கி, ஊசி குத்துவதற்குள் நீங்கள் அளப்பது பிடிபட்ட கலவரத்தைத்தான். மலத்தைச் சோதியுங்கள், சிங்கவால் குரங்கு அடங்கிய மக்காக் இனங்களில் அது ஓரிரு நாளுக்கு முந்தைய நிலையைக் காட்டும். சிறுநீர் படாததாகப் பார்த்து, கழித்த ஒரு மணி நேரத்துக்குள் எடுத்து, நன்றாகக் கலந்து, மைனஸ் 20 டிகிரியில் உறையவையுங்கள். வெயிலில் கிடந்த மலத்தில் பாக்டீரியாக்கள் ஹார்மோன் எச்சங்களை மாற்றிவிடும், பிறகு அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. வாரம் 3 முறையாக ஒரு மாதமாவது எடுத்து, அதே விலங்கின் பழைய அளவோடு ஒப்பிடுங்கள், பக்கத்துக் கூண்டோடு அல்ல. சினை, வயிற்றுப்போக்கு, உணவு மாற்றம் எல்லாம் அளவைக் குழப்பும். தேதியோடு குறித்து வையுங்கள்.

கேள்வி: மார்மோசெட்டுக்கு மனிதரைவிடப் பல மடங்கு கார்டிசால். கார்டிசால் மிகையால் வரும் குஷிங் நோயா?

பதில்: இல்லை. மார்மோசெட், அணில் குரங்கு போன்ற தென் அமெரிக்க இனங்களில் கார்டிசாலை உணரும் செல் ஏற்பிகளுக்கு உணர்திறன் குறைவு. ஈடுகட்ட உடல் அதிகம் சுரக்கிறது. மனித ஆய்வகத்தின் இயல்பு வரம்பை இங்கே பொருத்தாதீர்கள்.

கேள்வி: மயக்கத்தில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை அதிகம். இன்சுலின் தொடங்கலாமா?

பதில்: பொறுங்கள். பிடிக்கும்போது எழும் பதற்றமும் சர்க்கரையை ஏற்றும், மெடிடோமிடின் போன்ற மயக்க மருந்தும் ஏற்றும். ஃப்ரக்டோசமைன் (சர்க்கரை ஒட்டிய ரத்தப் புரதங்களின் அளவு) பாருங்கள், அது இரண்டு மூன்று வாரச் சராசரி, அன்றைய கலவரம் அதில் தெரியாது. அதுவும் கூடுதலாக இருந்து, சிறுநீரில் சர்க்கரையும் எடை இழப்பும் சேர்ந்தால்தான் நீரிழிவு. அப்போதும் முதலில் குறைக்க வேண்டியது வாழைப்பழமும் ரொட்டியும்தான்.

கேள்வி: கூட்டத்தின் அதிகார வரிசையில் கடைசியாக உள்ள பெண் மக்காக்குக்குச் சினை பிடிக்கவில்லை. ஹார்மோன் ஊசி உதவுமா?

பதில்: காரணம் அப்படியே இருக்கையில் ஊசி வீண். மேல்வரிசைக் குரங்குகளின் ஓயாத மிரட்டல், இனப்பெருக்க ஹார்மோன்களை இயக்கும் மூளைப் பகுதியான ஹைப்போதலாமஸின் தூண்டலைத் தளர்த்துகிறது. மாதவிடாய் வந்தாலும் கருமுட்டை வெளியாகாமல் போகலாம், அல்லது கருவைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் போதாமல் போகலாம். உணவை ஒரே தட்டில் வைக்காதீர்கள், விலங்குகளின் எண்ணிக்கையைவிட அதிக இடங்களில் சிதறுங்கள். பார்வையை மறைக்கும் தட்டிகள் வையுங்கள். ஒளியும் அறைக்கு இரண்டு வாசல் கட்டாயம், ஒற்றை வாசல் பொறியாகிவிடும். அவள் யாரோடு பேன் பார்த்துக்கொள்கிறாளோ, அந்தத் துணையைப் பிரிக்காதீர்கள். பிறகு இரண்டு மூன்று சுழற்சிகளுக்கு மலத்தில் புரோஜெஸ்டிரோன் எச்சத்தைப் பாருங்கள்.

கேள்வி: தன் கையையே கடிக்கும் ரீசஸ் குரங்குக்குக் கார்டிசால் குறைவு. அப்படியானால் அழுத்தம் இல்லைதானே?

பதில்: தன்னைக் கடித்துக்கொள்ளும் ரீசஸ்களில் கார்டிசால் எதிர்வினை மழுங்கியிருப்பது ஆய்வுகளில் தெரிந்ததே. காயத்தை நம்புங்கள், எண்ணை அல்ல.