சிந்தனையில் பிரக்ஞைக்கு என்ன வேலை? கேள்வி பதில்

கேள்வி: பிரக்ஞை, அதாவது உணர்ந்தறியும் நனவு, இல்லாமலே மூளை பார்க்கும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: ஓரளவுக்கு உண்மை. கண்ணிலிருந்து வரும் தகவலை முதலில் வாங்கும் மூளைப் பகுதியான முதன்மைப் பார்வைப் புறணி சேதமானவர்கள் பார்வைப்புலத்தின் ஒரு பகுதியில் "எதுவும் தெரியவில்லை" என்பார்கள். ஊகித்தாவது ஒளி வந்த இடத்தைக் காட்டச் சொன்னால், குருட்டாம்போக்கில் கிடைப்பதைவிட மிகச் சரியாகக் காட்டுவார்கள். உளவியலாளர் லாரன்ஸ் வைஸ்கிரான்ட்ஸ் 1970களில் ஆராய்ந்த ‘குருட்டுப் பார்வை’ இதுதான். ஆனால் பொதுவாக, கேட்டால்தான் காட்டுகிறார்கள். அந்தத் தகவலைத் தாமாக எடுத்துத் திட்டமிடுவதில்லை.

கேள்வி: கண்ணுக்குப் புலப்படாத எண்ணைத் திரையில் காட்டும் சோதனைக்கு நிரல் எழுதுகிறேன். எங்கே தவறும்?

பதில்: முதலில் நேரம். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு சட்டகம் 16.7 மில்லிநொடி. ஆகவே 33 அல்லது 50 கிடைக்கும், 40 கிடைக்காது. நிரல் சொல்லும் நேரத்தை நம்பாமல் ஒளியுணரியைத் திரையில் வைத்து அளந்துவிடுங்கள். எண்ணை 33 மில்லிநொடி காட்டி, இடைவெளியே விடாமல் அதே இடத்தில் எழுத்துக் குவியலால் மறையுங்கள். பிறகு தெளிவான இன்னொரு எண்ணைக் காட்டி, அது 5-ஐவிடப் பெரியதா சிறியதா என்று கேளுங்கள். மறைந்த எண்ணும் 5-க்கு அதே பக்கம் இருந்தால் பதில் சற்று விரைந்து வரும்; மறைந்த எண்ணையும் மூளை கணக்கில் எடுத்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

பெரிய சிக்கல் இதற்குப் பிறகுதான். "பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டால், தயக்கமுள்ளவர் மங்கலாகக் கண்டதையும் இல்லை என்பார். அதனால் தனிச் சுற்றில் மறைந்த எண்ணையே கட்டாயமாக ஊகிக்கச் சொல்லி, டி-பிரைம் (தயக்கத்தைப் பிரித்துவிட்டு, உண்மையில் எவ்வளவு கண்டறிந்தார் என்று காட்டும் அளவு) கணக்கிடுங்கள். அந்தச் சுற்றில் முயற்சிகளைக் குறைத்துவிட்டால், ஓரளவு பார்த்தவர்கூடப் பார்க்காதவராகப் பதிவாவார். பார்த்தவர்களை நீக்கிவிட்டு மீதிப் பேரை மட்டும் ஆராய்வதும் ஆபத்து. அவர்களில் சிலர் அன்று தற்செயலாகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்கள். மறுமுறை அளந்தால் சராசரியை நோக்கி ஏறுவார்கள். உளவியலாளர் டேவிட் ஷாங்க்ஸ் 2017இல் இதைத் தெளிவாகக் காட்டினார். ‘நனவிலிச் செயல்’ என்று வெளிவரும் எதைப் படித்தாலும் நான் முதலில் தேடுவது இந்த அளவீட்டுப் பகுதியைத்தான்.

கேள்வி: நாம் முடிவெடுக்கும் முன்பே மூளை முடிவெடுத்துவிடுகிறது என்று நரம்பியலாளர் பெஞ்சமின் லிபெட் நிரூபித்தாரா?

பதில்: இல்லை. அவருடைய 1983 சோதனையில், விரல் அசைவதற்கு ஏறத்தாழ 550 மில்லிநொடிக்கு முன்பே மூளையில் ஒரு மின் அலை எழுந்தது. அசைக்கும் எண்ணம் வந்ததாக மக்கள் சொன்ன நேரம் ஏறத்தாழ 200 மில்லிநொடிக்கு முன். அசைவு நிகழ்ந்த தருணங்களை மட்டும் எடுத்துப் பின்னோக்கிச் சராசரி பார்த்தால், மூளை மின்செயலின் வெறும் தற்செயல் ஏற்றத்தாழ்வுகூடப் படிப்படியான ஏற்றமாகத் தெரியும் என்று ஆரன் ஷூர்கரின் ஆய்வுக் குழு 2012இல் காட்டியது. அந்த அலையை ‘எடுத்து முடித்த முடிவு’ என்று படிக்க வேண்டியதில்லை.

கேள்வி: அப்படியானால் பிரக்ஞை கட்டாயம் வேண்டிய வேலை எது?

பதில்: காலத்தால் பிரிந்த இரண்டைச் சேர்த்துப் பிடிப்பது, நல்ல துப்பு. ஒலி தொடரும்போதே கண்ணில் காற்று ஊதினால், தொடர்பைக் கவனிக்காதவரும் முன்கூட்டி இமைக்கக் கற்றார். ஒலி நின்று அரை நொடியோ ஒரு நொடியோ கழித்து ஊதினால், கவனித்தவரே கற்றார். இது கிளார்க், ஸ்குவயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998இல் கண்டது. முதல் பாதியை மறுப்பவர்கள் உண்டு. இரண்டாம் பாதியிலும், பிரக்ஞை கற்றலை உண்டாக்கியதா, இரண்டுமே நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸின் ஒரே வேலையிலிருந்து வந்தனவா என்பது திறந்தே இருக்கிறது.

கேள்வி: பிரக்ஞையை விளக்கும் கோட்பாடுகளில் எது வென்றது?

பதில்: எதுவும் இல்லை. பொதுப் பணிக்களக் கோட்பாட்டையும் (தகவல் மூளை முழுதும் பரப்பப்படும்போது பிரக்ஞை வருகிறது என்பது) ஒருங்கிணைந்த தகவல் கோட்பாட்டையும் (தகவல் ஒரே முழுமையாகப் பிணைந்திருப்பதே பிரக்ஞை என்பது) 256 பேரிடம் நேருக்கு நேர் சோதித்த ஆய்வு 2025இல் வெளிவந்தது. இரண்டின் முக்கியக் கணிப்புகளும் அடிவாங்கின.

கேள்வி: பிரக்ஞை மூளையின் வெறும் உடன்விளைவு என்றால் என்ன தவறு?

பதில்: 1874இல் உயிரியலாளர் தாமஸ் ஹக்ஸ்லி சொன்னது அது: நீராவி எஞ்சினை ஓட்டுவதில் அதன் ஊதலுக்குப் பங்கில்லாததுபோல. ஆனால் ‘எனக்கு வலிக்கிறது’ என்று வாய் சொல்வது உடலின் செயல். பிரக்ஞை எதையும் விளைவிக்காது என்றால், அந்தச் சொல்லுக்கும் வலியின் உணர்வு காரணமாகாது. இதை ஏற்கத் தயாரானவர்களே அந்தக் கொள்கையில் நிற்க முடியும்.